உறையாத பால்

"வுடு பாய்! ஆளு செத்துடப் போறாரு! வுடுன்றேன்!"

அஜ்மலின் இடுப்பைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டு இழுத்தான் ஜோயல். அஜ்மல் அசைந்தால்தானே? அவனுடைய இரண்டு கைகளும் பால்காரர் முனிசாமியின் காலரில் இருந்தன. முனிசாமியின் முதுகு கோவளம் தெருவின் கரண்ட் கம்பத்தில் இருந்தது. அவருடைய மொபெட் சாய்ந்து கிடக்க, கேனிலிருந்து பால் வழிந்து மணலில் ஓடியது. ஒரு பூனை, எந்த அவசரமும் இல்லாமல் வந்து உட்கார்ந்து நக்க ஆரம்பித்தது.

"என் பொண்டாட்டி குடிக்கிற பாலுல இன்னாடா கலந்தே? சொல்லு!"

"தண்ணி!" என்று அலறினார் முனிசாமி. "சத்தியமா தண்ணி மட்டுந்தான் நைனா!"

கூடியிருந்தவர்களில் பாதிப்பேர் சிரித்தார்கள். மீதிப்பேர் முஷ்டியை முறுக்கினார்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஹரிப்ரியா வந்தாள். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், பிரியாணிக் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் நடத்துபவள். கோபம் வந்தால் எல்லாருக்கும் குரல் உயரும். அவளுக்கு இறங்கும். அவளிடம் வேலை பார்க்கும் ஜோயலுக்கு அது நன்றாகத் தெரியும். இந்தக் கேஸை எடுத்த நாளிலிருந்து அந்தக் குரல் மேலே ஏறவே இல்லை.

"அஜ்மல், கையை எடுங்க. நீங்க தொண்டையை நெரிச்சா எனக்கு பதில் எந்த வழியா வரும்?"

அஜ்மல் விட்டான். யாரும் அவனைக் குற்றம் சொல்ல முடியாது. அவன் மனைவி அர்வா, வயிற்றில் ஏழு மாதக் குழந்தையோடு, செங்கல்பட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். சாதாரண நீர்க்கடுப்பாகத் தொடங்கியது. இப்போது கிட்னி வரை சீழ், உடம்பெல்லாம் அனல். ஊசி போடுகிறார்கள், போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எதுவும் கேட்கவில்லை.

அர்வா மட்டும் என்றால் விதி என்று விட்டிருப்பார்கள். ஆனால் கோவளத்திலிருந்து கடப்பாக்கம் வரைக்கும் கடலோரத்து ஊர்களிலிருந்து கர்ப்பிணிகள் அதே ஆஸ்பத்திரிக்கு வந்துகொண்டே இருந்தார்கள். எல்லாருக்கும் அதே கிருமி, அதே திமிர். இரண்டு பேருக்குக் குழந்தை தங்கவில்லை.

"போலீசுக்குப் போனா, கிருமியைக் கைது பண்ணணுமான்னு சிரிப்பாங்க," என்று சொல்லித்தான் அந்த ஆஸ்பத்திரியின் டாக்டர் பிரபா ஹரிப்ரியாவைக் கூப்பிட்டிருந்தார். "எவனோ இந்தப் பொண்ணுங்களுக்கு மாசக்கணக்கா அரைகுறையா மருந்து குடுத்துக்கிட்டே இருக்கான். கிருமியைக் கொல்லல, அதுக்கு டியூஷன் எடுக்கிறான். ஆனா கேட்டா ஒருத்தி விடாம சத்தியம் பண்றா, நாங்க ஒரு மருந்தும் தொடலன்னு."

முனிசாமி சட்டைப் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தார்.

"பால் மேல என்ன சந்தேகம்?" என்று அஜ்மலிடம் கேட்டாள் ஹரிப்ரியா.

"மாமி சொன்னாங்க மேடம். இந்த ஆளு பாலுல தயிரே உறைய மாட்டேங்குதாம். மாட்டுக்கு எதையோ ஊசி போட்டு, அந்தப் பாலைத்தான் ஊத்துறான்."

ஹரிப்ரியா முனிசாமியிடம் திரும்பினாள். "உண்மையா?"

"அய்ய, எனக்கே அதான்மா பேஜாரு! இதே கேனு, இதே பாலு. எதுத்த வூட்டுல கத்தியால வெட்டுற மாதிரி தயிரு. டீக்கடையில உறையுது. நூர்முகமது பாய் வூட்டுல உறையல. இவங்க வூட்டுல உறையல. தெருக்கோடி கன்னியம்மா வூட்டுலயும் உறையல. அல்லாம் என்னைத்தான் திட்டுறாங்க."

"அந்த மூணு வீட்டுக்கும் பொதுவா என்ன இருக்கு?"

முனிசாமி தலையைச் சொறிந்தார். பிறகு குரலைத் தணித்தார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. மூணும் புள்ளத்தாச்சி கீற வூடு. கண்ணுபட்டுகினு கீதுன்னு நான் வாயே தொறக்கல."

ஜோயல் அவருடைய மொபெட்டைத் தூக்கி நிறுத்தினான். "அண்ணாத்த, இம்மாம் பெரிய விஷயத்தைப் பாலோட சேத்து ஊத்தி வுட்டுட்டியே!"

ஹரிப்ரியா அதற்குள் அர்வாவின் தாய்வீட்டுப் படியில் இருந்தாள். தலைப்பிரசவம் என்பதால் ஐந்தாம் மாதமே அர்வா இங்கே வந்துவிட்டாள். அஜ்மல் செங்கல்பட்டில் ஒரு குடோனில் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து முகத்தைப் பார்த்துவிட்டுப் போவான்.

சமையலறையில் அர்வாவின் தாயார் அமீனா பீவி அழுது அழுது வீங்கிய முகத்தோடு நின்றாள். பின்னால் வந்த ஜோயலைப் பார்த்ததும் முக்காட்டை இழுத்துக்கொண்டாள். "பொம்பளைங்க விஷயம் பேசணும்னா... ஆம்பளைங்க..."

"அவன் ஆம்பளை இல்லம்மா, அசிஸ்டென்ட்," என்றாள் ஹரிப்ரியா. "ஃபிரிட்ஜைத் திற ஜோயல்."

உள்ளே ஒரு கிண்ணத்தில் தயிர். ஜோயல் எடுத்துச் சாய்த்தான். கவிழ்த்தான். தயிர் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு தலைகீழாகத் தொங்கியது.

"உறையலன்னு சொன்னீங்க. இது செங்கல்லு மாதிரி கீதே மாமி?"

"அது நேத்து ஊத்தினதுப்பா. மூணு நாளாத்தான் ஒழுங்கா உறையுது."

"அர்வா ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு," என்றாள் ஹரிப்ரியா. கேள்வியாக அல்ல. "அவ இருந்தப்போ எந்தப் பாலை உறை ஊத்துவீங்க?"

"அவ குடிச்ச மீதியைத்தான். பெரிய லோட்டாவுல கலக்குவேன், பாதி குடிப்பா, போதும்மான்னு வச்சுடுவா. பாலைக் கொட்டலாமா? அதைத்தான் தயிருக்குச் சேர்த்துடுவேன்."

"கலக்குவேன்னா? என்னத்தைக் கலப்பீங்க?"

அமீனா பீவி வாசலைப் பார்த்தாள். மாப்பிள்ளை தெருவில்தான் நிற்கிறார் என்று உறுதி செய்துகொண்டாள். பிறகு அலமாரியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். "குளிர்ச்சிப் பொடி. நன்னாரி, வெட்டிவேரு போட்டு அரைச்சது. கடுப்பு எடுத்தா ரெண்டு நாள் குடிப்பா. நின்னுடும். மறுபடி வந்தா மறுபடி ரெண்டு நாளு. அவ்வளவு வேகமா கேக்கும்."

பொட்டலத்துக்குள் விரலை விட்டு நாக்கருகே கொண்டுபோன ஜோயலின் கையை ஹரிப்ரியா பட்டென்று தட்டினாள். "நக்காதே. உனக்கு எத்தனாவது மாசம்?"

பிறகு அமீனா பீவி பக்கம் திரும்பினாள். குரல் கிட்டத்தட்ட தரையில் ஊர்ந்தது. "டாக்டர் உங்களை எத்தனை தடவை கேட்டாங்க? ஏதாவது மருந்து சாப்பிட்டாளான்னு தொண்டை கிழியக் கேட்டாங்களே அம்மா?"

"மருந்து குடுக்கலையே!" அமீனா பீவியின் முகத்தில் உண்மையான திகைப்பு. "வயித்துப் புள்ளைக்கு ஆகாதுன்னு தலைவலி மாத்திரைகூட நான் குடுத்ததில்ல. இது மருந்து இல்ல புள்ள. பொடி."

ஜோயலுக்கு ஒரு ஜோக் தோன்றியது. வாய்வரை வந்தது. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டான்.

"பாலைத் தயிராக்குறதும் கிருமிதான்," என்றாள் ஹரிப்ரியா, பொட்டலத்தை முடிச்சுப் போட்டபடி. "சாதுவான கிருமி. எந்த வேரும் அதை இப்படி ஒரேயடியா சாகடிக்காது. இதுக்குள்ள வேற எதுவோ இருக்கு. அந்தச் சாது செத்துப்போச்சு. ரவுடி மட்டும் அர்வா உடம்புல உடற்பயிற்சி பண்ணிக்கிட்டு இருந்திருக்கு. யார்கிட்ட வாங்கினீங்க?"

"வளையல்காரி செங்கம்மாகிட்ட."

ஹரிப்ரியா வெளியே வந்து டாக்டர் பிரபாவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"பொடியை லேபுக்கு அனுப்பினா?" என்று கேட்டாள்.

"நாளைக்குத்தான் தெரியும். அர்வாவோட கல்ச்சர் டெஸ்ட் ரிசல்ட்டும் நாளைக்குத்தான். எனக்கு நாளைக்கு வரைக்கும் டைம் இல்ல ஹரிப்ரியா." டாக்டரின் குரலில் தூக்கமில்லாத எரிச்சல். "இது மருந்துக்கு மட்டும் அடங்காத கிருமி இல்ல. மூத்திரப்பையில சும்மா உக்கார மாட்டேங்குது. கொக்கி போட்டுக் குழாய் சுவரைப் பிடிச்சு மேல ஏறுது. ஏறிக் கிட்னியில கூடாரம் அடிச்சிருக்கு. அடுத்தது ரத்தம். இருட்டுறதுக்குள்ள சரியான ஊசி உள்ள போகணும். அதுல என்ன மருந்து கலந்திருக்குன்னு பேர் மட்டும் கொண்டா. எதைக் குடிச்சுப் பழகியிருக்கோ அதை விட்டுட்டு மத்ததால அடிப்பேன்."

செங்கம்மாளைத் தேடி மாமல்லபுரத்துக்குக் காரை அஜ்மலே ஓட்டினான். பொடியில் கலப்படம் என்று ஹரிப்ரியா சொன்னதிலிருந்து ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அவன் கையை முறிப்பேன் மேடம். எந்தக் கையால கலந்தானோ அந்தக் கையை."

"முறி பாய்," என்றான் ஜோயல். "அதுவரைக்கும் ஸ்டியரிங்கை முறிச்சுடாத. முட்டுக்காட்டுல வண்டி தண்ணியில எறங்கினா நமக்குப் படகுவூட்டுல டிக்கெட் கேப்பான். எங்க ஊரு கோவளம், எனக்கே கேப்பான்."

"எதிர்ப் பக்கம் போறோம்டா," என்றாள் ஹரிப்ரியா. "முட்டுக்காடு பின்னாடி."

"அப்படின்னா தைரியமா முறி."

மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலுக்குப் போகும் பாதையில், வெயிலுக்குச் சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு டூரிஸ்ட்களிடம் சிப்பி மாலை விற்றுக்கொண்டிருந்தாள் செங்கம்மாள். காலையில் வீடு வீடாக வளையல், மதியத்துக்கு மேல் இங்கே. ஜோயலைப் பார்த்ததும், "இன்னாடா, பொண்ணு பாத்துட்டியா? வளையலு வேணுமா?" என்றாள்.

"பொடி வேணும் அக்கா. குளிர்ச்சிப் பொடி."

"உனக்கா?"

"இவன் இல்ல," என்றாள் ஹரிப்ரியா. "அமீனா பீவி பொண்ணு சாகக் கிடக்குறா. அந்தப் பொடியைக் குடிச்சு."

செங்கம்மாளின் கையிலிருந்த சிப்பி மாலைகள் அப்படியே தொங்கின.

"நான் போறதே புள்ளத்தாச்சி வூட்டுக்குத்தான்மா," என்றாள் மெதுவாக. "கையைப் பிடிச்சு வளையலு ஏத்திகினே கேப்பேன், ஒண்ணுக்குப் போனா எரியுதாடி கண்ணுன்னு. புருசங்கிட்ட சொல்ல மாட்டாளுங்க. ஆஸ்பத்திரியில அத்தினி பேரு நடுவுல சத்தம் போட்டுக் கேக்குறாங்களாம், அங்கயும் சொல்ல மாட்டாளுங்க. எங்கிட்ட சொல்லுவாளுங்க. நல்லதுன்னுதாம்மா குடுத்தேன். எம் மருமவளுக்கே குடுத்தேன்."

"மருமகளை இன்னைக்கே செங்கல்பட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. டாக்டர் பிரபாகிட்ட. இப்பவே. பொடியை அரைக்கிறது யாரு?"

"கடப்பாக்கத்துல. கோட்டைக்குப் போற வழியில, சவுக்குத் தோப்பு. வைத்தியரு ஹரிகிருஷ்ணன்."

தோப்புக்குள் ஒரு தகரக் கொட்டகை. வாசலில் 'சகல ரோக நிவாரண மூலிகை நிலையம்' என்று போர்டு. மூலிகை வாசனைக்குப் பதில் மோட்டார் சத்தம்தான் முதலில் வந்தது. உள்ளே அரவை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நெற்றி நிறைய விபூதி பூசிய மனிதர் ஒருவர் அதன் வாயில் வேர்களை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஜோயல் நேராகப் போய் சுவிட்சை அணைத்தான்.

"யாருய்யா நீ?"

"பேஷன்ட். எனக்கு கோபம் ஜாஸ்தி. குளிர்ச்சிப் பொடி கீதா?"

ஹரிப்ரியா பேசாமல் கொட்டகையின் பின்கதவைத் தள்ளினாள். கடல்காற்று உள்ளே புகுந்தது. கூடவே தரையில் சரசரவென்று எதுவோ உருண்டு வந்தது. குனிந்து பார்த்தான் ஜோயல். மருந்துக் காப்ஸ்யூல். பாதி நீலம், பாதி வெள்ளை, உள்ளே ஒன்றுமில்லை. வெறும் கூடு. பின்பக்கம் எட்டிப் பார்த்தான். சவுக்கு மரங்களின் அடியில் அந்தக் கூடுகள் உதிர்ந்த பூ மாதிரி குவிந்து கிடந்தன.

"இது எந்த மூலிகை வைத்தியரே? செடியா, கொடியா?"

ஹரிகிருஷ்ணன் வியர்வையைத் துடைத்தார். விபூதியும் கலைந்தது. "கூலியாளுங்களுக்கு உடம்பு சரியில்லாம..."

"இம்புட்டும் தின்னு அவன் இன்னும் உயிரோட கீறானா? கூப்புடு, கும்புட்டுக்கிறேன்."

"கூட்டைப் பிரிச்சு உள்ள இருக்கிற மருந்தை வேரோட சேர்த்து அரைக்கிறீங்க," என்றாள் ஹரிப்ரியா. அவள் குரல் இவ்வளவு இறங்கி ஜோயல் கேட்டதேயில்லை. "எவ்வளவு போடுறீங்கன்னு உங்களுக்கே தெரியாது. ஒருநாள் ஒரு பிடி, ஒருநாள் ரெண்டு பிடி. வயித்துல குழந்தையோட இருக்கிறவளுக்கு."

அவர் சட்டென்று நிமிர்ந்தார். பயம் போய் ஒரு வீராப்பு வந்திருந்தது.

"கேக்குதா இல்லையா? நீயே சொல்லும்மா! மறுநாளே எரிச்சல் நிக்குதா இல்லையா? வெறும் வேரைக் குடுத்தா எவ ரெண்டாவது தடவை வாங்குவா? ஜனங்களுக்கு உடனே கேக்கணும். கேக்க வச்சேன். அது தப்பா?"

ஜோயல் அவர் சட்டையைப் பிடித்துவிட்டான். காலையில் அஜ்மலைத் தடுத்தவன் இவன்தான் என்பது அவனுக்கே நினைவில்லை. "ரெண்டு புள்ளைங்க மண்ணுக்குள்ள போயிடுச்சுய்யா! அந்த ரெண்டும் தப்பா சரியான்னு உங்கிட்ட கேட்டுச்சா?"

"ஜோயல். விடு. எனக்கு அவர் வாய் வேணும்." ஹரிப்ரியா முன்னால் வந்தாள். "மருந்தோட பேரு?"

"தெரியாது."

"பேரு."

"சத்தியமா தெரியாதும்மா! அட்டையோட வந்தாத்தானே பேரு தெரியும்? அட்டையெல்லாம் உரிச்சுட்டு, லூசா மூட்டையில கட்டி வருது. கோழிப் பண்ணைக்குப் போற சரக்குன்னு ஒரு புரோக்கர் இறக்கிட்டுப் போவான். கூட்டு மேலயும் ஒண்ணும் எழுதியிருக்காது. நீங்களே பாருங்க."

ஜோயல் பார்த்தான். உண்மைதான். நீலம், வெள்ளை, அவ்வளவுதான். புரோக்கருக்குப் போன் போடச் சொன்னான். போட்டார். ஸ்விட்ச் ஆஃப்.

அந்த நேரத்தில் ஹரிப்ரியாவின் போன் அடித்தது. டாக்டர் பிரபா.

"பிரஷர் இறங்குது ஹரிப்ரியா. குழந்தையோட துடிப்பும் சரியில்ல. கையில ரெண்டு மருந்து வச்சிருக்கேன். ஒண்ணைப் போட்டா குழந்தையோட காது போகலாம், இவ கிட்னியும் தாங்காது. இன்னொண்ணு என்கிட்ட இருக்கிற கடைசி. அது சரியா தப்பான்னு நீ சொல்ற பேரை வச்சுத்தான் முடிவு பண்ணணும். தப்பா போட்டா இன்னொரு ராத்திரி வீண். அவளுக்கு இன்னொரு ராத்திரி இல்ல. பேரு கிடைச்சுதா?"

ஹரிப்ரியாவின் பார்வை ஒரு நொடி வாசல் பக்கம் போய்த் திரும்பியது. போனை ஸ்பீக்கரில் போட்டாள். கவிழ்ந்து கிடந்த ஒரு பக்கெட்டின் மேல் அதை வைத்தாள்.

"இல்ல டாக்டர்," என்றாள் சத்தமாக. "இங்க இருக்கிற வைத்தியருக்குப் பேரு தெரியாது. புரோக்கர் சிக்கல. அட்டையை உரிச்சவனுக்கு மட்டும்தான் தெரியும். அவன் வாயைத் திறக்கலன்னா அவனை யாரும், எப்பவும் கண்டுபிடிக்க முடியாது. ஆனா அர்வா போயிடுவா."

ஜோயலுக்கு விநோதமாக இருந்தது. மேடம் இதை டாக்டரிடம் சொல்லவில்லை. வைத்தியரிடமும் சொல்லவில்லை. அவள் சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். பேசி முடித்த பிறகும் போனை எடுக்காமல், யார் பக்கமும் திரும்பாமல், அப்படியே நின்றாள். யாருக்கோ நேரம் கொடுக்கிற மாதிரி.

ஜோயல் திரும்பினான்.

வாசல் நிலையில் அஜ்மல் நின்றான். வழியெல்லாம் கையை முறிப்பேன் என்று கத்தியவன், வைத்தியர் கைக்கெட்டும் தூரத்தில் நின்றும் ஓர் அடி உள்ளே வைக்கவில்லை. அவன் உள்ளங்கையில் ஒரு காலிக் கூடு இருந்தது. நீலத்தையும் வெள்ளையையும் விரலால் பிரித்துச் சேர்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஹலோ?" என்றது போன். "ஹரிப்ரியா, லைன்ல இருக்கியா?"

"செஃபிக்சிம்," என்றான் அஜ்மல்.

குரல் உடைந்து வந்ததால் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. "செஃபிக்சிம், டாக்டர்."

எதிர்முனையில் மூச்சு நின்று வந்தது. "அட கடவுளே. இத்தனை நாளா நான் போட்டுக்கிட்டு இருக்கிற ஊசியும் அதே குடும்பம். சிஸ்டர்! அந்த டிரிப்பைக் கழட்டுங்க! மெரோபெனம் எடுங்க, ஓடுங்க!" காலடிகள், ஒரு தட்டு விழும் ஓசை, மறுபடி டாக்டர். "யாருப்பா பேசுனது? நிச்சயமாத் தெரியுமா? சந்தேகம்னா இப்பவே சொல்லிடு, உயிர் விஷயம்."

"நிச்சயம் டாக்டர்." அஜ்மல் நிலைப்படியில் அப்படியே சரிந்து உட்கார்ந்தான். "எங்க குடோன் மருந்து குடோன். டேட் முடிஞ்ச சரக்கை எரிக்கறதுக்கு அனுப்பச் சொல்லி என் பொறுப்புலதான் விடுவாங்க. நான் எரிக்க அனுப்பல. அட்டையை உரிச்சு, நான்தான் வித்தேன்."